மூக்கில் கத்தி வைக்கும் முன் சல்லடை அறையைத் திருத்துங்கள்!



"இது குளிர் நாடு. இங்கே யாருக்குத்தான் தடிமன் இல்லை?"

எங்கள் தோட்டத்து ஸ்டோரில், சல்லடை அறையில் 14 வருடம் வேலை செய்த ஓர் அக்காவுக்குக் கிடைத்த பதில் இது. அவர் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. மூக்கில் இரண்டாவது தடவையாகவும் ஒப்பரேஷன் செய்து வந்திருக்கிறேன், இனிச் சல்லடைப் பக்கம் வேண்டாம், கொழுந்து வாட்டும் மாடியிலோ மலையிலோ வேலை கொடுங்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரித் துண்டையும் கையோடு கொண்டுபோனார். குளிர் நாடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லீவு முடிந்த மறுநாள் காலை அதே சல்லடை, அதே தூசி.

அந்த அக்காவுக்கு இப்போது வாசனை தெரியாது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகினாலும் பக்கத்து வீட்டார் சத்தம் போட்டால்தான் தெரியும். வாசத்துக்குப் பெயர்போன தேயிலையைச் சலித்துச் சலித்தே அந்த வாசம் தெரியாமல் போனவர் அவர்.

குளிர்தான் காரணம் என்றால் ஒரு கேள்வி கேட்கிறோம். மழையிலும் பனியிலும் மலை உச்சியில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அல்லவா இந்த வியாதி அதிகமாக வர வேண்டும்? கூரைக்குக் கீழே, சூடான ஸ்டோருக்குள் நிற்கிறவர் ஏன் நாள் முழுக்கத் தும்முகிறார்? தீபாவளி லீவில் தாய்வீட்டுக்குப் போனால் நாலாம் நாள் ஏன் அவருடைய மூக்கு திறக்கிறது? வேலைக்குத் திரும்பிய அன்று மாலையே ஏன் மறுபடியும் அடைக்கிறது? அவர் தாய்வீடும் இதே மலைநாட்டில்தான், இதே குளிரில்தான் இருக்கிறது.

முதலில் கண்ணுக்குத் தெரிந்த இருமல் யாருடையது?

தேயிலைத் தூசியால் வியாதி வரும் என்பது நாங்கள் இன்று கண்டுபிடித்த கதை அல்ல. கொழும்பில் பல வருடம் பணியாற்றிய அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர், சாமர்ஸ் என்பவரோடு சேர்ந்து வெப்ப நாட்டு நோய்கள் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தேயிலை ருசி பார்ப்பவர்களின் இருமல் பற்றிய செய்தி உண்டு. ருசி பார்ப்பவர்கள் தேயிலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். அப்போது தூசி உள்ளே போகும், இருமல் வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெயர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றப்பட்ட இருமல், மேசைக்கு முன்னால் நின்று ருசி பார்த்தவரின் இருமல். சல்லடைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்ற நம் பாட்டிமாரும் இருமினார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது "குளிர்" என்ற ஒரு சொல் மட்டுமே.

பிறகு நம் நாட்டு நெஞ்சு நோய் வைத்தியர் சி. ஜி. உராகொட வந்தார். இலவம் பஞ்சு, கறுவாப்பட்டை முதலிய தொழில்களில் தூசியால் வரும் வியாதிகளை ஆராய்ந்தவர் அவர். 1970இல் டீமேக்கர் ஒருவருக்குத் தேயிலைத் தூசியால் வந்த ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச வியாதிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு வெளிவந்தது. 1994இல் ஜப்பானிய வைத்தியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பச்சைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் ஆஸ்துமாவுக்கு, தேயிலைக்குள்ளேயே இயற்கையாக இருக்கும் ஒரு பொருள்தான் முக்கிய காரணம் என்று காட்டினார்கள். ஆகவே குற்றம் பூஞ்சணத்திலும் அழுக்கிலும் மட்டும் இல்லை. நல்ல, சுத்தமான தேயிலையின் தூசியும் சிலருடைய உடம்புக்கு ஆகாது.

"அதெல்லாம் நெஞ்சு வியாதி, நாங்கள் கேட்பது மூக்கைப் பற்றி" என்று சிலர் சொல்லலாம். மூக்கும் நெஞ்சும் ஒரே காற்றுக் குழாயின் மேலும் கீழும்தான். 1999இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து கூடிய நிபுணர்கள், ஒவ்வாமையால் வரும் மூக்கு வியாதியையும் ஆஸ்துமாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும், சேர்த்தே மருந்து செய்ய வேண்டும் என்ற வழிகாட்டலுக்கு அடித்தளம் போட்டார்கள். வேலைத்தலத் தூசியால் வரும் ஆஸ்துமாவில் பல பேருக்கு முதலில் கெடுவது மூக்கு. தும்மல், நீர் வடிதல், அடைப்பு என்று தொடங்கும். பிறகுதான் இழுப்பு வரும். மூக்கு அடிப்பது அபாய மணி. அந்த மணியைக் "குளிர்" என்று சொல்லி அமுக்கினால், நாளைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டி வரும்.

பீனசம் என்பது என்ன?

நம் மூக்கைச் சுற்றி, கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு நடுவிலும், எலும்புக்குள்ளே சிறு சிறு காற்றறைகள் இருக்கின்றன. அந்த அறைகளில் ஊறும் சளி ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். மயிர் போன்ற நுண்ணிய இழைகள் அதைத் துவாரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தூசியாலோ ஒவ்வாமையாலோ உள்தோல் வீங்கினால் துவாரம் அடைபடும். சளி தேங்கும், கெட்டியாகும், சீழ் பிடிக்கும். முகம் கனக்கும், வாசனை போகும், தொண்டைக்குள் சளி இறங்கும். இப்படி 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட பீனசம்.

மலையில் கான் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கான் அடைத்தால் தண்ணீர் தேங்கும், கரை நாறும்.

அடைத்த கானைத் திறப்பதுதான் இன்றைய மூக்குச் சத்திரசிகிச்சை. முன்பு மேலுதட்டுக்கு உள்ளே வெட்டி, கன்னத்து எலும்பைத் துளைத்து அறையைச் சுத்தம் செய்தார்கள். ஒஸ்திரியா நாட்டு கிராஸ் நகரத்து மெஸர்கிளிங்கர் என்ற வைத்தியர், மெல்லிய குழாய்க் கருவியை மூக்குக்குள் விட்டுப் பார்த்து, சளி எந்த வழியில் வடிகிறது என்பதை வகைப்படுத்தினார். அதன்பின் 1980களிலிருந்து வெளியே வெட்டாமல், மூக்கின் உள்ளேயே இயற்கையான துவாரத்தைத் திறந்துவிடும் முறை உலகமெங்கும் பரவியது.

சத்திரசிகிச்சை வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரும் அப்படி நினைத்து கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம். இங்கிலாந்தில் 500க்கும் மேற்பட்ட பீனச நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. மூக்கு ஸ்பிரேயும் உப்புத் தண்ணீர்க் கழுவலும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. அதற்கு மேல் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் நல்ல சுகம் தெரிந்தது. நீண்ட நாள் அன்டிபயோட்டிக் மாத்திரை எடுத்தவர்களுக்கோ, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. மாதா மாதம் டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நமக்கு மிக முக்கியமான ஆய்வு வேறு ஒன்று. பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழக வைத்தியர்கள் மூக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளிடம் "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று விசாரித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வேலைத்தலத்தில் தூசி, இரசாயனம் போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்கே திரும்பத் திரும்ப ஒப்பரேஷன் தேவைப்படும் நிலைமை அதிகமாக இருந்தது. வேலைத்தலத் தூசி, செய்த சத்திரசிகிச்சையின் பலனைக் கெடுக்கிறது.

மேலே மண் சரிந்துகொண்டே இருந்தால், கீழே எத்தனை தடவை கான் வெட்டினாலும் அடைக்கத்தான் செய்யும். எங்கள் அக்காவுக்கு நடந்ததும் அதுவே. அரசாங்க ஆஸ்பத்திரி இரண்டு தடவை கானைத் திறந்துவிட்டது. தோட்டம் இரண்டு தடவையும் அவரைச் சல்லடைக்குத் திருப்பி அனுப்பியது. செலவு பொதுப்பணம். வலி அக்காவுக்கு. மிச்சம் பிடித்தது யார் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

விலை உள்ள தூசியும் விலை இல்லாத தூசியும்

நம் ஸ்டோரில் "டஸ்ட்" என்பது ஒரு தேயிலைத் தரத்தின் பெயர். அதைச் சிந்தாமல் சிதறாமல் பைக்குள் அடைத்து, நிறுத்து, ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் கணக்குக் கேட்பார்கள். அதே அறையில் பஞ்சுபோலப் பறந்து உத்தரத்திலும் கண்ணிமையிலும் மூக்குக்குள்ளும் படிகிற தூசிக்குக் கணக்கு இல்லை. விற்கிற தூசியை நிறுக்கத் தராசு இருக்கும்போது, சுவாசிக்கிற தூசியை அளக்க ஒரு கருவி கொண்டுவர மட்டும் முடியாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தொழிலாளருக்குத் தீங்கு தரக்கூடிய தூசி எழும் இடத்தில், அதைச் சுவாசிக்காமல் காப்பதற்கு முடிந்த எல்லா ஏற்பாடும் செய்ய வேண்டும், தூசி கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை இழுத்து வெளியேற்ற வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். உத்தரத்தில் தொங்கும் ஒரு பழைய விசிறி தூசியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அனுப்பும். அது வெளியேற்றல் ஆகாது.

"வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோமே" என்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் சீலைத்துணி நுண்தூசியைத் தடுக்காது. நல்ல முகக்கவசம் வேண்டும், அதைக் கம்பனி கொடுக்க வேண்டும். அதுகூட கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. முதலில் தூசியைப் பிடிக்க வேண்டும்.

"அதிகம் பேசினால் ஸ்டோர் வேலையிலிருந்து பெண்களை எடுத்துவிடுவார்கள்" என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்வோம். ஆளை எடு என்று நாம் கேட்கவில்லை. தூசியை எடு என்று கேட்கிறோம். வியாதி வந்தவருக்குப் பேரும் சம்பளமும் குறையாமல் வேறு வேலை கொடு என்று கேட்கிறோம்.

லயத்துக்குள்ளும் பாடசாலையிலும்

எல்லா மூக்கு வியாதியும் ஸ்டோர்த் தூசியால் வருவதல்ல. ஸ்டோர் வாசலையே மிதிக்காத பிள்ளைகள் காலையில் பத்துத் தும்மலோடு எழும்புகிறார்கள். ஒரு காம்பிராவுக்குள் ஆறேழு பேர், மூலையில் விறகடுப்பு, புகை போக வழியில்லை, சுவரில் ஈரம், ஈரத்தில் பூஞ்சணம், வெயில் காணாத மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. மூக்கைக் கெடுக்க வேறென்ன வேண்டும்? அந்த வீட்டைக் கட்டியது யார், திருத்தாமல் விட்டது யார் என்ற கேள்வி இங்கேயும் வருகிறது.

ஆசிரியர்களாகிய நாங்கள் இங்கே எங்கள் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி விழும் பிள்ளையை "இரவெல்லாம் ரீவி பார்த்தாயா?" என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறோம்! ஒரு நாள் ஒரு தாய் வந்து சொன்னார்: "சேர், மூக்கு அடைச்சு ராவெல்லாம் தூங்கல. காலையில பிரிட்டன் மாத்திரை குடுத்துத்தான் அனுப்புனேன்." அன்றிலிருந்துதான் பிள்ளைகளின் மூக்கைப் பார்க்கத் தொடங்கினோம்.

பிரிட்டன் தும்மலை நிறுத்தும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். இங்கிலாந்தில் 15 முதல் 17 வயது வரையான 1,834 மாணவர்களை வைத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, எங்கள் கண்ணைத் திறந்தது. மாதிரிப் பரீட்சையைவிட இறுதிப் பரீட்சையில் சித்தி தரம் இறங்கிய பிள்ளைகளிடம், அந்த நாட்களில் ஒவ்வாமை மூக்கு வியாதி அதிகமாக இருந்தது. தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரை எடுத்தவர்கள் அவர்களிடையே இன்னும் அதிகமாக இருந்தார்கள். நம் பிள்ளை புலமைப்பரிசிலிலும் சாதாரண தரத்திலும் புள்ளி இழப்பது மூளை குறைவால் அல்ல. சில வேளை மூக்கு அடைப்பாலும் மாத்திரைத் தூக்கத்தாலும் இழக்கிறது. தூக்கம் குறைவாகத் தரும் லொராடடின், செடிரிசின் போன்ற மாத்திரைகளும், ஸ்டெரொயிட் மூக்கு ஸ்பிரேயும் இன்று இருக்கின்றன. அவை ஏன் நம் டிஸ்பென்சரி அலுமாரியில் இல்லை என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

சங்கத்துக்கும் ஒரு சொல்

எங்கள் தோட்டக் கமிட்டியின் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தோம். சம்பளம், அரைப் பேர், வீட்டுக் கூரை, பாதை, கோயில் திருவிழா எல்லாம் இருக்கின்றன. தூசி என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. 1,000 ரூபாவுக்காக வருடக்கணக்கில் வீதியில் நின்றோம். அது சரியான போராட்டம். ஆனால் உழைக்கிற உடம்பு கெட்டுப்போனால் கூட்டி வாங்கிய சம்பளம் பஸ்ஸுக்கும் மருந்துக்கும்தான் போகும். சந்தா கொடுக்கிற அக்காவின் மூக்கும் சங்கத்தின் விஷயம்தான் என்பதை நாங்கள் பிந்தித்தான் உணர்ந்தோம். இனியும் பிந்தக்கூடாது.

நிர்வாகத்திடம் நாம் கேட்பவை:

1. சல்லடை அறையிலும் பொதியிடும் அறையிலும் தூசியை இழுத்து வெளியேற்றும் இயந்திரம் பொருத்த வேண்டும். பழுதாகிக் கிடப்பதைத் திருத்தி ஓட வைக்க வேண்டும்.

2. துடைப்பத்தால் தூசியைக் கிளப்பிக் கூட்டுவதை நிறுத்தி, உறிஞ்சிச் சுத்தம் செய்யும் கருவி கொடுக்க வேண்டும். தரமான முகக்கவசத்தைக் கம்பனி செலவில் வழங்க வேண்டும்.

3. தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகத்தைக் கொண்டு தூசியை அளந்து, முடிவைத் தமிழில் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும்.

4. ஒரே ஆளை வருடக்கணக்கில் சல்லடையில் நிறுத்தாமல் வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். வைத்தியர் துண்டு கொடுத்தால் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

5. ஸ்டோர்த் தொழிலாளர் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை மூக்கு, நெஞ்சுப் பரிசோதனை வேண்டும்.

6. ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் புகைபோக்கி கட்டிக் கொடுக்க வேண்டும்.

நாமும் சில காரியங்களைச் செய்ய வேண்டும்.

கிளினிக்கில் வைத்தியர் கேட்காவிட்டாலும், "நான் ஸ்டோரில் சல்லடையில் வேலை செய்கிறேன், இத்தனை வருடம்" என்று சொல்லுங்கள். அதைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வேலையால் வந்த வியாதி என்று எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு இழப்பீட்டுக்கோ வேலை மாற்றத்துக்கோ வாதாட முடியும். வாய்ப்பேச்சு நிற்காது.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து, எந்த நாளில் மூக்கு அடைத்தது, எந்த நாளில் திறந்தது என்று குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் லீவு நாளையும் கட்டாயம் குறியுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். வேலை நாளில் கூடி, லீவில் குறைந்தால் அது வைத்தியருக்கும் சாட்சி, சங்கத்துக்கும் சாட்சி.

ஸ்பிரே கொடுத்தால் இரண்டு நாளில் சுகமில்லை என்று எறியாதீர்கள். வாரக்கணக்கில் தினமும் அடித்தால்தான் முழுப் பலன் தெரியும். கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள், அதுவே அடைப்பைக் கூட்டும். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு மூக்கைக் கழுவலாம். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக்கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஸ்டோர்த் தொழிலாளர் எல்லோரும் உங்கள் கொப்பிகளோடு வாருங்கள். தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் அவற்றைச் சேர்த்து முகாமையாளரிடம் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துத் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு எழுதுவோம். அதற்கும் பதில் வராவிட்டால் என்ன செய்வதென்று இந்தச் சங்கத்துக்குத் தெரியும்.

அந்த அக்கா மூன்றாவது ஒப்பரேஷனுக்குப் போகக்கூடாது. அதுதான் எங்கள் முதல் இலக்கு. இனி யாராவது "குளிர் நாடு" என்று சொன்னால், பதிலுக்குக் கொப்பியைத் திறந்து காட்டுவோம்.

தூசியை அகற்று! தொழிலாளியைக் காப்பாற்று!